வயதானால் அப்படித்தான் என்று சொல்லிவிடுவதற்கு முன்

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பெயர்கள் சட்டென்று ஞாபகத்துக்கு வருவதில்லை, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. அறுபது தாண்டிய ஒருவர் இதில் எதைச் சொன்னாலும் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும். வீட்டில் சொல்கிறார்கள், அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள், அவசரத்தில் இருக்கும் டாக்டரும் சில சமயம் சொல்லிவிடுகிறார். எனக்கு இந்தப் பதில்மேல் நெடுநாளாகக் கோபம். உடம்புக்குள் குறிப்பிட்ட சில விஷயங்கள், குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட காரணங்களால் கெடுகின்றன. அதில் சிலவற்றை இன்றைக்கு யாராலும் தடுக்க முடியாது, சிலவற்றைத் தள்ளிப்போட முடியும், இன்னும் சில மூப்பே கிடையாது, வைத்தியம் பார்த்தால் சரியாகிற நோய், அல்லது அசையாமல் கிடந்ததன் விளைவு. எல்லாவற்றையும் வயசு என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் இந்த வித்தியாசம் கண்ணிலேயே படாது. அதனால் செல்லில் தொடங்கி உறுப்புகள் வரைக்கும் என்ன நடக்கிறது என்று, படித்துப் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

20ஆம் நூற்றாண்டின் பாதி வரைக்கும் செல்லுக்கு மூப்பு கிடையாது என்றுதான் பெரும்பாலான உயிரியலாளர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். நோபல் பரிசு வாங்கிய அலெக்சிஸ் கேரல் 1912இல் கோழிக் கருவின் இதயத் திசுவை ஆய்வகத்தில் வளர்க்கத் தொடங்கினார்; அவர் 1944இல் இறந்த பிறகும் அது 1946 வரை வளர்ந்துகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். அப்படியானால் செல் தனியாக இருந்தால் சாகாது, மூப்பு வேறெங்கிருந்தோ வருகிறது என்று ஆகிறது. 1961இல் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் ஆய்வு நிறுவனத்தில் லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் மனித செல்களை வளர்த்து எண்ணிப் பார்த்தபோது, ஏறக்குறைய 40 முதல் 60 தடவை பெருகியதும் அவை நின்றுவிட்டன. வளர்க்கிற திரவத்தில்தான் கோளாறு என்று யாரும் சொல்லிவிடலாம் இல்லையா, அதற்கு அவர்கள் செய்த சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: பலமுறை பெருகி முடித்த ஆண் செல்களையும், சில தடவையே பெருகியிருந்த பெண் செல்களையும் ஒரே பாத்திரத்தில் கலந்து வளர்த்தார்கள். கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் பெண் செல்கள் மட்டும்தான் மிச்சம். ஒரே திரவம், ஒரே பாத்திரம், ஆனால் எத்தனை முறை பெருகினோம் என்ற கணக்கு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தனித்தனியாக இருந்திருக்கிறது.

அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்பது தெரிய இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆனது. குரோமோசோமின் இரண்டு நுனிகளிலும் டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி என்ற ஆறெழுத்து ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பகுதிக்கு டெலோமியர் என்று பெயர். செல் பிரியும்போது டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதியால் கடைசி நுனி வரைக்கும் எடுக்க முடிவதில்லை, அதனால் ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் குறைகிறது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ரஷ்யாவின் அலெக்சி ஓலோவ்னிகோவ் 1971லேயே ஊகித்து எழுதிவிட்டார். நுனியை மறுபடி நீட்டிக்கொடுக்கும் டெலோமரேஸ் என்ற நொதியை 1984இல் கரோல் கிரைடரும் எலிசபெத் பிளாக்பர்னும் குளத்து நீரில் வாழும் ஒருசெல் உயிரி ஒன்றில் கண்டுபிடித்தார்கள். ஜாக் ஷோஸ்டாக்கோடு சேர்த்து மூவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடத்தில் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். டெலோமியர் குறைவதுதான் மூப்பு, அதை நீட்டினால் இளமை. விற்கிறவர்களுக்கும் இதுதான் வசதி. ஆனால் ஆய்வக எலிகளின் டெலோமியர் நம்முடையதைவிட நீளமானது, அவை வாழ்வதோ இரண்டு மூன்று வருடம். இன்னொரு பக்கம், புற்றுநோய் செல்களில் பத்தில் எட்டு ஒன்பது டெலோமரேஸை மறுபடி உயிர்ப்பித்துக்கொண்டுதான் முடிவில்லாமல் பெருகுகின்றன. பிரிவது நின்றுபோவது செல்லுக்கு வந்த கேடு இல்லை, கெட்டுப்போன செல் கட்டியாக மாறாமல் இருக்க உடம்பு வைத்திருக்கும் காவல். டெலோமியர் குறைந்தால் மட்டும் இல்லை. புற ஊதாக் கதிர், புகை, சில மருந்துகள் என்று எதனால் டி.என்.ஏ. பலமாக அடிபட்டாலும் பி53, பி16 போன்ற புரதங்கள் முன்வந்து பிரிவை நிறுத்திவிடுகின்றன.

நின்றுபோன அந்த செல் அப்புறம் என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே முக்கியமாகப் படுவது. அது சாவதில்லை. ஓய்ந்த செல் என்று அதைச் சொல்கிறேன், ஆனால் அது சும்மா இருப்பதும் இல்லை. இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8 என்று அழற்சியைக் கிளப்பும் வேதிப்பொருட்களையும், சுற்றியுள்ள திசுவைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதத்தைக் கரைக்கும் நொதிகளையும் விடாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. அமெரிக்க உயிரியலாளர் ஜூடித் காம்பிசியின் குழு 2008இல் இதை விரிவாகப் பட்டியலிட்டுக் காட்டியது. இளம் உடம்பில் இந்தச் சுரப்பு நல்லதுக்குத்தான்: நோய் எதிர்ப்பு செல்களைக் கூப்பிடுகிறது, அவை வந்து ஓய்ந்த செல்லை அப்புறப்படுத்துகின்றன, அந்த இடம் ஆறுகிறது. காயம் ஆறுவதற்கே இந்த செல்கள் சில நாள் தேவைப்படுகின்றன. வயதாக ஆக ஓய்ந்த செல்கள் அதிகமாக உருவாகின்றன, அப்புறப்படுத்த வேண்டிய எதிர்ப்பு செல்களோ மந்தமாகிவிடுகின்றன, சுரப்போ நிற்பதில்லை. போதாக்குறைக்கு அந்தச் சுரப்பு பக்கத்தில் நன்றாக இருக்கும் செல்களையும் ஓய்ந்த நிலைக்குத் தள்ளுகிறது.

2018இல் வெளியான ஒரு ஆய்வில் ஓய்ந்த செல்களை இளம் எலிகளின் உடம்புக்குள் செலுத்தினார்கள். அந்த எலிகளின் மொத்த செல்களோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பமான எண்ணிக்கைதான். சில வாரங்களில் அவற்றின் நடை வேகமும் பிடிவலுவும் குறைந்தன, செலுத்திய இடத்தைத் தாண்டி எலியின் சொந்த செல்களும் ஓய்ந்துபோயிருந்தன. இதற்கு மறுபக்கத்தை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2011லேயே காட்டியிருந்தார்கள்: சீக்கிரமே மூப்படையும்படி உருவாக்கப்பட்ட எலிகளில் ஓய்ந்த செல்களை மட்டும் அழித்தபோது கண்புரையும் தசைத் தேய்வும் தள்ளிப்போயின. 2016இல் சாதாரண எலிகளிலும் செய்து பார்த்து, அவை கூடுதல் காலம் வாழ்வதைக் கண்டார்கள். உடம்பின் ஒரு மூலையில் சில செல்கள் கெட்டால் அது அந்த மூலையோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மைட்டோகாண்ட்ரியா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்லுக்கு வேண்டிய சக்தியைத் தயாரிக்கும் இந்த உறுப்புக்குத் தனியாக ஒரு குட்டி டி.என்.ஏ. உண்டு, 37 ஜீன்கள், தாயிடமிருந்து மட்டுமே வருவது. அதில் பழுது சேரச் சேர சக்தி குறைகிறது, கழிவாக வந்து மற்றவற்றைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் கூடுகின்றன. இவைதான் மூப்புக்கே காரணம் என்று அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் 1956இல் சொன்னார், அங்கிருந்துதான் அவற்றை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளின் காலம் ஆரம்பம். மாத்திரை பலித்ததா என்றால், ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய சோதனையின் முடிவு 1994இல் வந்தது: பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த 2009ஆம் வருட ஆய்வில், பயிற்சியால் இன்சுலின் இன்னும் நன்றாக வேலை செய்ய வேண்டிய நன்மையே தடைபட்டது. செல் கொஞ்சம் அடிபட்டு, அதற்குப் பதிலாகத் தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது. அந்த அடியையே துடைத்துவிட்டால் பலமும் வருவதில்லை.

சரி, இதெல்லாம் உறுப்புகளில் எப்படித் தெரிகிறது?

ரத்தக்குழாயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது கெட்டால் மற்ற எல்லாமே சேர்ந்து கெடும். இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் சுவரில் எலாஸ்டின் என்ற இழுபடும் இழை இருக்கிறது. இதில் பெரும்பகுதி கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவானது, அதற்குப் பிறகு புதிதாகச் சேர்வது மிகக் குறைவு. இதயம் வருடத்துக்கு மூன்றரைக் கோடித் தடவைக்கு மேல் துடிக்கிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த இழை இழுபட்டுச் சுருங்குகிறது. பல பத்தாண்டுகளில் இழைகள் அங்கங்கே அறுந்து, விறைப்பான கொலாஜன் அந்த இடத்துக்கு வருகிறது, ரத்தத்திலுள்ள சர்க்கரை அந்தக் கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இன்னும் விறைப்பாக்குகிறது. விளைவு ரத்த அழுத்தத்தின் இரண்டு எண்களிலும் தெரியும்: ஐம்பது அறுபது வயதைத் தாண்டினால் மேல் எண் ஏறிக்கொண்டே போகிறது, கீழ் எண் இறங்குகிறது, 160/70 என்று வரும். கீழ் எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் போய்ச்சேர்வது அது தளர்ந்திருக்கும் அந்த இடைவெளியில்தான், அப்போது அழுத்தம் ரொம்பக் குறைந்தால் இதயத்துக்கே பற்றாக்குறை. மேல் எண்ணின் அடியோ, அழுத்தத்தைத் தணிக்க வேண்டிய தமனி விறைத்துப் போனதால், நேராகச் சிறுநீரகத்தின், மூளையின் நுண்ணிய குழாய்களில் போய் விழுகிறது. நடுவில் இதயமும் விறைத்த குழாய்க்கு எதிராகத் தள்ளித்தள்ளிச் சுவர் தடித்து, சுருங்குவதில் குறை இல்லாவிட்டாலும் தளர்வதில் மந்தமாகிறது. மாடி ஏறும்போது வாங்கும் மூச்சுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், நுரையீரலில் ஒன்றும் இல்லாமலே.

வயதானால் பிரஷர் கூடத்தான் செய்யும், வயதோடு நூறைக் கூட்டிக்கொள் என்று ஒரு கணக்கு நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது. எண்பது தாண்டியவர்களுக்கு அழுத்தத்தைக் குறைத்தால் நல்லதை விடக் கெடுதல்தான் அதிகம் என்ற பயமும் இருந்தது. 2008இல் ஹைவெட் என்ற பெரிய சோதனையில், எண்பது வயதுக்கு மேற்பட்ட 3,845 பேரிடம் மருந்தைச் சோதித்துப் பார்த்தபோது பக்கவாதமும் குறைந்தது, மரணங்களும் 21 சதவீதம் குறைந்தன. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்தினார்கள். வயசானா அப்படித்தான் என்ற வாக்கியத்தை நம்பி எத்தனை எண்பது வயதுக்காரர்கள் மருந்தில்லாமல் விடப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

இதயத் தசையின் செல்கள் புதிதாகப் பிறக்கின்றனவா என்ற கேள்விக்கு விடை கிடைத்த விதம் ஆச்சரியமானது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 அளவு எக்கச்சக்கமாக ஏறி, 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு மெல்ல இறங்கியது. ஒரு செல் பிறக்கும்போது அந்த வருடத்துக் கார்பன் அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடும். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃப்ரீசனின் குழு இதை வைத்து 2009இல் கணக்குப் போட்டது: 25 வயதில் வருடத்துக்கு ஏறக்குறைய 1 சதவீத இதயத் தசை செல்கள் புதிதாகின்றன, 75 வயதில் அது 0.45 சதவீதம். வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் பாதிக்கும் குறைவுதான் மாறுகிறது.

சிறுநீரகத்தில் நிலைமை வேறு, அங்கே இழந்தது திரும்பி வராது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுகளான நெஃப்ரான்கள் சராசரியாகப் பத்து லட்சம், எழுபதைத் தாண்டும்போது ஆரோக்கியமானவர்களிடமே அதில் ஏறக்குறைய பாதிதான் வேலை செய்கிறது. அன்றாட வாழ்க்கைக்கு அந்தப் பாதி தாராளமாகப் போதும் என்பதால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. குறைந்திருப்பது கையிருப்பு. வயிற்றுப்போக்கு வந்து நீர் வற்றும்போது, வலி மாத்திரையை வாரக்கணக்கில் விழுங்கும்போதுதான் கையிருப்பு இல்லாதது வெளியே தெரியும். மூப்பைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமானால் நான் இதைத்தான் சொல்வேன்: ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது எடுக்கிற அளவுகளில் முதியவருக்கும் இளைஞருக்கும் அத்தனை வித்தியாசம் தெரியாது, உடம்புக்கு ஒரு அடி விழும்போது தெரிகிற வித்தியாசம்தான் மூப்பு. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் தசையிலிருந்து வருவது. தசை கரைந்துபோன ஒரு மூதாட்டிக்கு கிரியேட்டினின் குறைவாகவே உற்பத்தியாகும், எனவே சிறுநீரகம் பாதி ஓய்ந்திருந்தாலும் அந்த எண் நார்மல் என்றே வரும், மருந்தின் அளவை அதை நம்பித் தீர்மானித்தால் மருந்து உடம்பிலேயே தேங்கும்.

இப்போது நோய் எதிர்ப்பு. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பிதான் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான டி செல்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறது, அதன் வேலை செய்யும் திசு குழந்தைப் பருவத்துக்குப் பிறகே சுருங்கத் தொடங்கி, கொழுப்பாக மாறிக்கொண்டே போகிறது. நடுவயதுக்கு மேல் புதிய கிருமியைச் சந்திக்கத் தயாராக இருக்கும் டி செல்கள் குறைந்து, பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் செல்களே இடத்தை அடைத்துக்கொள்கின்றன. எலும்பு மஜ்ஜையிலும் ஒரு மாற்றம் நடக்கிறது: புது ரத்த செல்களை உருவாக்கும் ரத்த ஸ்டெம் செல் ஒன்றில் ஏற்படும் மரபுப் பிழை அதற்கு வேகமாகப் பெருகும் பலத்தைக் கொடுத்துவிட்டால், காலப்போக்கில் ரத்த செல்களில் கணிசமான பங்கு அந்த ஒன்றின் வாரிசுகளாகவே ஆகிவிடும். எழுபது தாண்டியவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது இது இருப்பதாக 2014இல் வந்த ஆய்வுகள் காட்டின. இந்த வாரிசு செல்கள் அழற்சியைத் தூண்டுபவை, ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும் இல்லாமல் மாரடைப்புக்கும் வழி செய்கின்றன. இவையும் ஓய்ந்த செல்களின் சுரப்பும் சேர்ந்து உடம்பு முழுக்க எந்தக் கிருமியும் இல்லாமலே மெல்லிய அழற்சி ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. இத்தாலியின் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000இல் இதற்குத் தனிப்பெயர் கொடுத்து எழுதினார். ஆக, எதிரி இல்லாதபோது புகைந்துகொண்டே இருக்கும் எதிர்ப்பு சக்தி, எதிரி வரும்போது எழும்ப மறுக்கிறது.

இதை நான் வீட்டிலேயே பார்த்தேன். அம்மா ஒருநாள் காலையில் என்னை யாரென்றே தெரியாதவரைப் போலப் பார்த்தார், பேச்சு குழறவில்லை, ஆனால் கேட்பதற்கும் சொல்வதற்கும் சம்பந்தமே இல்லை, சாப்பாட்டைத் தொடவில்லை. காய்ச்சல் இல்லை. மருத்துவமனையில் முதலில் பார்த்தவர் வயசாகிறதில்லையா, மறதி நோய் ஆரம்பமாக இருக்கும் என்று சொல்லி எங்களை அனுப்பப் பார்த்தார். அங்கிருந்த இன்னொரு டாக்டர்தான், அம்மா நேற்றுவரைக்கும் எப்படி இருந்தார் என்று கேட்டார். நேற்று ராத்திரி என்னோடு குடும்பக் கணக்கு பேசிக்கொண்டிருந்தவர் என்று சொன்னதும் சிறுநீரைப் பரிசோதிக்க அனுப்பினார். சிறுநீர்ப் பாதையில் நல்ல தொற்று. மருந்து ஏற ஏறத் தெளிந்து வந்துவிட்டார். பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, முதியவர்களில் கணிசமானவர்களுக்குத் தீவிரமான தொற்றிலும் காய்ச்சலே வருவதில்லை, திடீர்க் குழப்பம்தான் முதல் அறிகுறி. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா வயதில் எப்போதும் பாதி உசுப்பப்பட்ட நிலையில் இருக்கின்றன, உடம்பில் எங்கோ ஒரு தொற்று வந்தால் மிகையாக எகிறிவிடுகின்றன. மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. ஒரு ராத்திரியில் வருவது வேறு, அதற்குக் காரணம் தேடியே ஆக வேண்டும்.

எதிர்ப்பு சக்தி மந்தமானதென்றால் மீட்கவே முடியாது என்று அர்த்தம் இல்லை. சிறுவயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து, டி செல்களின் கட்டுப்பாடு தளரும்போது அக்கியாக வெடிக்கும். அதற்கான புதிய வகைத் தடுப்பூசி, எதிர்ப்பை உசுப்பும் துணைப்பொருளோடு சேர்த்துத் தயாரிக்கப்பட்டது, எழுபது தாண்டியவர்களிடமும் 90 சதவீத அளவுக்குப் பாதுகாப்பு கொடுத்ததாக 2016இல் வெளியான சோதனை காட்டியது. சரியான முறையில் எழுப்பினால் எழுகிறது.

தசைக்கு வருகிறேன், ஏனென்றால் நம் கையில் அதிகமாக இருப்பது இதுதான். வயதில் முதலில் போவது வேகமாகச் சுருங்கும் இழைகள், அதாவது தடுக்கி விழப்போகும் நொடியில் காலை முன்னால் வைக்க உதவுபவை. அவற்றை இயக்கும் நரம்பு செல்களும் சாகின்றன, அதனால் தசையின் அளவு குறைவதைவிட வலு வேகமாகக் குறைகிறது. தசை வெறும் அசைவுக்கான உறுப்பு இல்லை. சாப்பிட்ட பிறகு இன்சுலினின் சொல்கேட்டு ரத்தத்தின் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது அதுதான், நோய்வாய்ப்படும்போது புரதத்துக்கான கையிருப்பும் அதுதான். தசை குறைந்தால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் குழாய் விறைக்கும், விறைத்த குழாய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரு டாக்டர் சர்க்கரையையும் இன்னொருவர் சிறுநீரகத்தையும் மூன்றாமவர் முழங்காலையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே எல்லாம் ஒரே கதையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் தசை இழப்பில் எவ்வளவு வயது, எவ்வளவு அசையாமை? 1966இல் அமெரிக்காவின் டாலஸில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். முப்பது வருடம் கழித்து, ஐம்பது வயதில் அதே ஐந்து பேரைக் கூப்பிட்டு மறுபடி அளந்தார்கள். முப்பது வருட மூப்பு அவர்களின் உடல் உழைப்புத் திறனைக் குறைத்ததைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது! ஆறு மாதப் பயிற்சியில் இழந்ததைப் பெரும்பாலும் மீட்டும் விட்டார்கள். இன்னொரு ஆய்வில், 2007இல், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்தபோது கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசைத் திசு போய்விட்டது. மருத்துவமனையில் நடந்து போய்ச் சேர்ந்தவர், நோய் குணமான பிறகும் ஏன் சக்கர நாற்காலியில் வெளியே வருகிறார் என்பதற்கு விடை பல நேரம் இதுதான், அந்த நோய் இல்லை.

திரும்ப வருமா என்றால், 1990இல் மருத்துவர் மரியா ஃபியாடரோன் முதியோர் இல்லம் ஒன்றில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கடுமையான எடைப் பயிற்சி கொடுத்தார். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! ஓய்ந்துபோன தசைக்குள் இருக்கும் ஸ்டெம் செல்கள் குறைந்திருந்தாலும், நரம்பும் மிச்ச இழைகளும் வேலை கொடுத்தால் செய்கின்றன.

மனிதருக்கு மனிதர் இது எவ்வளவு மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரம் பேரைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் 38 வயதானபோது சிறுநீரகம், கல்லீரல், ரத்தக்குழாய், எதிர்ப்பு சக்தி என்று பல அளவுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட உடல் வயது, 28இல் தொடங்கி 61 வரைக்கும் இருந்தது. ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். வேகமாக மூப்படைந்தவர்களுக்கு அப்போதே பிடிவலுவும் சமநிலையும் குறைந்திருந்தன. வயசு என்ற பதில் போதாது என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

ஓய்ந்த செல்களை அழிக்கும் மருந்துகளைப் பற்றி யாராவது கேட்பீர்கள். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டாசடினிப் என்ற மருந்தையும், தாவரங்களில் இருக்கும் குவெர்சிடினையும் சேர்த்துக் கொடுத்தால் எலிகளில் ஓய்ந்த செல்கள் குறைகின்றன என்று 2015இல் காட்டினார்கள். மனிதர்களிடம் முதலில் வெளியான சிறு சோதனை 2019இல், நுரையீரல் தழும்பேறும் நோய் உள்ள 14 பேரிடம்; நடை கொஞ்சம் மேம்பட்டது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்காத குழு கிடையாது. நம்பிக்கை தரும் பாதைதான், நானும் ஆவலாகக் கவனிக்கிறேன். ஆனால் இந்த செல்கள் காயத்தை ஆற்றவும் புற்றுநோயைத் தடுக்கவும் இருப்பவை என்பதையும் மறக்கக் கூடாது, டாசடினிப் பக்கவிளைவுகள் நிறைந்த மருந்து, இணையத்தில் படித்துவிட்டு யாரும் தாமாக வாங்கிச் சாப்பிடுகிற பொருள் இல்லை. டெலோமியர் நீளத்தை அளந்து உங்கள் உண்மையான வயதைச் சொல்கிறோம் என்று விற்கும் பரிசோதனைகளுக்கும் நான் காசு கொடுக்க மாட்டேன். ஒருவருக்கொருவர் அது பிறப்பிலேயே அவ்வளவு வேறுபடுகிறது, ஒற்றை அளவை வைத்து ஒருவரைப் பற்றிச் சொல்ல முடிவது மிகக் குறைவு. சாதாரணமாக நடக்கும் வேகத்தை ஒரு ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தால் அதைவிடப் பயனுள்ள தகவல் கிடைக்கும். 2011இல் 34,000க்கும் அதிகமான முதியவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், நடை வேகத்தை வைத்தே இன்னும் எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்று ஓரளவு கணிக்க முடிந்தது. இதயம், நுரையீரல், நரம்பு, தசை, மூட்டு, மூளை எல்லாம் சேர்ந்து வேலை செய்தால்தான் நடக்க முடியும் என்பதால் அதில் ஆச்சரியம் இல்லை.

அம்மா விஷயத்தில் நாங்கள் இப்போது சில கேள்விகளை விடாமல் கேட்கிறோம். புது மாத்திரை எழுதும்போது, கிரியேட்டினினை மட்டும் பார்த்தீர்களா, அவருடைய வயதையும் எடையையும் வைத்து சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவைக் கணக்கிட்டீர்களா என்று கேட்கிறோம், பழைய மாத்திரைகளில் எதையாவது இப்போது நிறுத்தலாமா என்றும் கேட்கிறோம். பிரஷரை உட்கார்ந்தபடி ஒரு தடவையும் எழுந்து நின்று ஒன்றிரண்டு நிமிடம் கழித்து ஒரு தடவையும் பார்க்கச் சொல்கிறோம், ஏனென்றால் எழும்போது அழுத்தத்தைச் சரிசெய்யும் அனிச்சைச் செயல் வயதில் மந்தமாகிவிடுகிறது, உட்கார்ந்து எடுத்த அளவில் அது தெரியாது. தாகமும் குறைந்துபோகும் என்பதால் கேட்டால்தான் தண்ணீர் என்று விட்டுவிடுவதில்லை. மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் முதல் நாளிலேயே கேட்டுவிடுகிறோம்: எப்போதிலிருந்து கட்டிலை விட்டு இறங்கி நாற்காலியில் உட்காரலாம், பிடித்து நடக்கவைக்க யாராவது வருவார்களா, இல்லை நாங்களே செய்யலாமா. சில இடங்களில் எரிச்சல்படுகிறார்கள். பரவாயில்லை, கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம், பெரும்பாலும் மறுநாளே உட்காரவைக்கச் சம்மதித்துவிடுகிறார்கள்.